மருதம்பட்டையும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புக் கோட்பாடும்: ஒரு வரலாற்று நோக்கு

மருதம்பட்டை இதயத்திற்கு நல்லது என்னும் செய்தி பழமையானது. அதற்கு இன்று கூறப்பெறும் காரணமோ 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, இதய உயிரணுக்களை ஆக்சிஜனேற்ற அழுத்தத்திலிருந்து காக்கும் முறையை முன்னோர் அறிந்திருந்தனர் என முடிவுகட்டுவது வரலாற்று முறையியலுக்குப் பொருந்துவதன்று.

ஏறத்தாழ 7-ஆம் நூற்றாண்டினரான வாகபடர், இதய நோய்க்கு இப்பட்டையை முதலில் பரிந்துரைத்தவராகக் கருதப்படுகிறார். 11-ஆம் நூற்றாண்டில் வங்காளத்தைச் சார்ந்த சக்ரபாணிதத்தர் அதனைப் பாலில் காய்ச்சிக் கொடுக்கும் முறையைக் கூறினார். இவர்களது விளக்கச் சட்டகம் முக்குற்றக் கொள்கையே. தமிழ்ச் சான்றுகளைக் கையாள்வதில் மேலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. மருதம் என்னும் பெயர் நீர்மருதுக்கும் செந்நீல மலர்களையுடைய பூமருதுக்கும் வழங்குகிறது. இவையிரண்டும் வெவ்வேறு பேரினங்கள். எனவே இலக்கியத்தில் மருதம் வருமிடமெல்லாம் மருந்துமரத்தைக் காண்பது பிழைக்கு இடந்தரும்.

ஆக்சிஜனே உயிரணுவுக்கு நஞ்சாகக்கூடும் என்பதைத் தனி உறுப்புகளின் வழியே விளக்கிய ரெபேகா கெர்ஷ்மன் குழுவினரின் கட்டுரை 1954-இல் வெளிவந்தது. 1956-இல் டென்காம் ஹார்மன் இக்கருத்தை மூப்பிற்குப் பொருத்தினார். ஆயினும் 1969-இல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதியின் செயலைக் கண்டறிந்த பின்னரே இக்கோட்பாடு உயிர்வேதியியலில் உறுதியான இடம் பெற்றது. தடைப்பட்ட குருதி மீண்டும் பாயும்போது இதயத் தசையில் தனி உறுப்புகள் பெருகுகின்றன என்னும் கருத்து 1980-களில் வலுப்பெற்றது. தாவரச் சாறுகளின் மீது ஆய்வாளர் பார்வை திரும்பியது இதன் பின்னரே.

2001-இல் வெளியான ஆய்வொன்றில், மருதம்பட்டைத் தூள் 12 வாரங்கள் கொடுக்கப்பெற்ற எலிகளின் இதயங்களில் இயல்பான ஆக்சிஜனேற்ற எதிர்ப்பாற்றல் கூடியிருந்தது. குருதி மீளப் பாய்ந்தபோது நேர்ந்த சேதமும் குறைந்திருந்தது. மனிதரிடம் நிலை வேறு. வைட்டமின் ஈ குறித்து 9,500-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்று 2000-இல் வெளியான ஹோப் ஆய்வு, இதய நோய் நிகழ்வுகள் குறைந்ததாகக் காட்டவில்லை. மருதம்பட்டையைப் பொறுத்தவரை, 1995-இல் வெளியான இந்திய ஆய்வு இதயச் செயலிழப்புற்ற 12 பேரிடம் தெளிவான முன்னேற்றத்தைக் கண்டது. எண்ணிக்கை சிறிது என்பதால் அம்முடிவை அளவோடு கொள்வதே தகும். புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 100 நோயாளிகள் இடம்பெற்றனர். 12 வாரங்களுக்குப் பின் சிலரிடம் நடக்கும் திறன் உயர்ந்தது. ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு இருப்பும் கூடியது. ஆனால் இடது கீழறை குருதியை வெளியேற்றும் வீதம் மேம்படவில்லை. எதிர்ப்பாற்றல் கூடியும் இதயத்தின் இறைப்புத்திறன் கூடாமற்போனது கருதத்தக்கது.

அவ்வாய்வில் பயன்பட்டது பட்டையின் நீர்ச்சாறு. சக்ரபாணிதத்தர் கூறிய பால் கஷாயம் அங்குச் சோதிக்கப்படவில்லை; ஆகவே அம்முடிவைக் கொண்டு பழைய நூலின் மருந்தை மறுப்பதற்கும் இடமில்லை.