பதுளைக்கு வரும் விருந்தாளிகளுக்கு நாம் என்ன சொல்லப் போகிறோம்?

 

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் எல்ல பக்கம் கால் வைக்க இடமிருக்காது. கொழும்பிலிருந்தும் கிழக்கிலிருந்தும் சொந்தக்காரர்கள் வேனில் வந்து இறங்குவார்கள். வெளிநாட்டவர்கள் முதுகில் பையோடு புகையிரதத்தில் வருவார்கள். ஒன்பது வளைவுப் பாலம், இராவணன் நீர்வீழ்ச்சி, துன்ஹிந்த, லிப்டன் சீட் என்று ஒரு சுற்று. படம் எடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

மலையையும் நீர்வீழ்ச்சியையும் அல்லாஹ் தந்தான். ஆனால் அந்த மலைக்கு ஏறிவரும் பாதை, பாலம், தேயிலை எல்லாவற்றுக்கும் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நமது பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும். நாளைக்கு முச்சக்கர வண்டி ஓட்டப் போவதும், விடுதி நடத்தப் போவதும், வழிகாட்டியாகப் போவதும் அவர்கள்தானே. அதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நகரத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு கல். பதுளை நூலகத்தருகே நிற்கும் கல்வெட்டுத் தூணைத் தாண்டித் தினமும் எத்தனை பேர் போகிறோம்? மஹியங்கனைக்கு அருகே சொரபொர குளத்துப் பக்கம் 1857இல் கண்டெடுக்கப்பட்டு, பின்னர் இங்கே கொண்டுவரப்பட்டது. பத்தாம் நூற்றாண்டில் உதய என்ற பெயருடைய மன்னனின் காலத்தில் வெட்டப்பட்டது. ஹோபிட்டிகம என்ற சந்தைக்கான சட்டங்கள் அதில் உள்ளன. அங்கீகரிக்கப்படாத அளவைகளால் அளந்து விற்கக் கூடாது, போயா நாளில் கடை விரிக்கக் கூடாது என்றெல்லாம் எழுதியிருக்கிறது. அதிகாரிகளின் தொல்லை தாங்காமல் வியாபாரிகளும் ஊராரும் முறையிட்டதால் வந்த சட்டங்கள் அவை. வியாபாரம் செய்து பிழைக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறென்ன இருக்கிறது?

அந்தச் சந்தைகளை உயிரோடு வைத்திருந்தது பொதிமாடுகள். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் துணியும் ஏற்றி, மலையிலிருந்து பாக்கும் மிளகும் இறக்கிய தவளக்காரர்களில் பெரும்பங்கினர் முஸ்லிம்கள். கண்டி இராச்சியத்தில் இதற்கென்றே 'மடிகே' என்ற பிரிவு இருந்தது. போர்த்துக்கேயர் தமது பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை 1626இல் விரட்டியபோது, செனரத் மன்னன் அவர்களை ஏற்றுக் கிழக்கில் குடியமர்த்தினான் என்பதும் வரலாறு. ஹாலிஎல பக்கம் போனால் போகொட மரப்பாலத்தைக் காட்டுங்கள். கல்லந்த ஓயாவுக்கு மேலே, ஓட்டுக் கூரையோடு, பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய பாதை அதன் மேலாகத்தான் போனது.

இனி, நாம் கூச்சமில்லாமல் பேச வேண்டிய ஒரு விடயம்.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. இரண்டு வருடங்கள் கழித்து ஊவாவும் வெல்லஸ்ஸவும் எரிந்தன. அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்கு மேலாக ஹாஜி மரிக்கார் என்பவரை ஆங்கிலேயர் முஹாந்திரமாக நியமித்தது. அதுவரை அந்த அதிகாரம் சிங்களத் தலைவர்களின் கையில் இருந்தது. 1817இல் ஹாஜி மரிக்கார் கிளர்ச்சியாளர்களிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். விசாரிக்கப் போன பதுளையின் ஆங்கில அதிகாரி வில்சனும் அம்பெய்து கொல்லப்பட்டார். கிளர்ச்சியின் தலைமையில் அரச உரிமை கோரி நின்றவரோ தன்னைத் துரைசாமி என்ற நாயக்கர் இளவரசன் என்று சொல்லிக்கொண்டவர். அடக்கப் போன ஊவா திசாவை கெப்பெட்டிபொல, ஆங்கிலேயர் தந்த ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு மக்களோடு சேர்ந்தார். 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டியில் அவரது தலை வெட்டப்பட்டது. மண்டையோடு எடின்பரோவுக்குப் போய், 1954இல்தான் திரும்பி வந்தது. தேசத்துரோகிகள் என்று ஆங்கிலேயர் அறிவித்த பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்கியது 2016இல்.

இந்தக் கதையின் ஒரு துண்டை மட்டும் எடுத்து, "அன்றைக்கே முஸ்லிம்கள் வெள்ளைக்காரன் பக்கம்" என்று பேசுபவர்கள் உண்டு. அதைக் கேட்டு நமது பிள்ளைகள் தலைகுனியவும் தேவையில்லை, சண்டைக்குப் போகவும் தேவையில்லை. ஒரு மனிதருக்குக் கிடைத்த பதவி ஒரு சமூகத்தின் முடிவாகாது. ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தின் பிடியிலிருந்து பிரித்துத் தன் கைக்குள் வைப்பது ஆட்சியாளனின் தந்திரம். வயல்கள் எரிக்கப்பட்டு, குளங்கள் உடைக்கப்பட்டு, கால்நடைகள் அழிக்கப்பட்டபோது இழந்தது ஊவா முழுவதும்தான். முழுக் கதையும் தெரிந்தவனிடம் யாரும் அரைக் கதை சொல்ல முடியாது.

அந்த அழிவுக்குப் பிறகுதான் தோட்டங்கள் வந்தன. பதுளை சென். மார்க் தேவாலயம் 1857இல், மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரியின் நினைவாகக் கட்டப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர் வாங்கியவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானை திரிந்த காட்டை வெட்டித்தான் கோப்பி நட்டார்கள். அந்தக் கோப்பியை அழித்த இலை நோய் 1869இல் முதலில் கண்ணில் பட்டதும் நமது மடுல்சீமையில்தான். கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். இன்று தம்பேத்தன்னை மேட்டில் அவர் உட்கார்ந்து பார்த்த இடத்துக்கு டிக்கட் எடுத்துப் போகிறோம். கொழுந்துக் கூடையோடு அந்த மேட்டில் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய பெண்களின் பெயரில் ஓர் இருக்கையும் இல்லை.

புகையிரதப் பாதையும் அப்படித்தான். பண்டாரவளை வரை 1894இல் வந்த ரயில், பதுளையை எட்டியது 1924இல். இடையில் முப்பது வருடம். ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் முடிந்தது. உருக்கு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு எழுப்பியது. தெமோதரையில் பாதை வட்டமடித்து, தான் கடந்துவந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தால் நுழைந்து போகிறது. பிள்ளைகளை ஒருதரம் கூட்டிப்போய்க் காட்டுங்கள், கணிதமும் விஞ்ஞானமும் அங்கேயே புரியும்.

தோட்டத்து மக்கள் வாய் மூடி இருந்தவர்களும் அல்ல. பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்டத்தில் 1940இல் நடந்த வேலைநிறுத்தம் நாட்டின் தொழிலாளர் வரலாற்றில் பேசப்படுவது. எட்டு வருடம் கழித்து, 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அதே மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தின் பின் எத்தனையோ குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறின. தோட்டத்துக் கடைகளில் அவர்களுக்குக் கடன் கொப்பி எழுதிய நமது பாட்டன்மாருக்கு அந்தப் பிரிவு தெரியும்.

தியலும நீர்வீழ்ச்சிக்குப் போகிறவர்களில் பலர் கொஸ்லந்தையைத் தாண்டிப் போகிறார்கள். அந்தப் பக்கத்து மீரியபெத்தை தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை வந்தது, போய் இருக்க வீடு வரவில்லை. நாம் அழகு என்று படம் எடுக்கும் அதே சரிவில்தான் இன்றும் பலர் மழை இரவுகளில் தூங்காமல் விழித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் சொன்னால் விருந்தாளிகள் வரமாட்டார்களா? நிச்சயம் வருவார்கள். கதை தெரிந்தால் பத்து நிமிடத்தில் படம் எடுத்துவிட்டுப் போகிறவர் அரை நாள் நின்று கேட்பார். போகொட பாலத்துக்கும் மடுல்சீமைக்கும் ஆள் போனால் எல்லயில் மட்டும் சேரும் வருமானம் மற்ற ஊர்களுக்கும் கொஞ்சம் போகும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் வயதான உம்மும்மா, அப்பா இருந்தால் இந்த விடுமுறையில் பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். பொதிமாடு, தோட்டத்துக் கடை, முதல் ரயில் பயணம், கப்பலேறிப் போன அயலவர் என்று அவர்களுக்கு ஞாபகம் இருப்பதை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு சிங்களப் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் தங்கள் கொப்பியைக் கொண்டுவரட்டும். மூன்றையும் சேர்த்து வாசித்தால் அதுதான் ஊவாவின் வரலாறு.

உங்கள் ஊரில் இப்படி ஒரு கல்லோ பாலமோ பழைய பாதையோ இருந்தால் கீழே எழுதுங்கள். பாடசாலை திறந்ததும் பிள்ளைகளோடு போய்ப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.