ஷிம்மி: நூறு வயதான ஒரு நடுக்கம்

முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் அமெரிக்க நடன அரங்குகளில் ஒரு ஆட்டம் பிரபலமானது. உடம்பு நின்ற இடத்திலேயே நிற்கும். தோள்கள் மட்டும் முன்னும் பின்னுமாகப் படபடவென்று நடுங்கும். பெயர் ஷிம்மி. ஆபாசம் என்று சொல்லிப் பல அரங்குகளில் தடை போட்டார்கள். சில வருடங்களுக்குள் அந்தப் பெயர் அரங்கைவிட்டு வெளியே வந்து கார் பட்டறைக்குள் நுழைந்தது. ஓடிக்கொண்டிருக்கும் காரின் முன் சக்கரங்கள் திடீரென்று இடமும் வலமுமாக உதறத் தொடங்கும். ஸ்டியரிங் கையைவிட்டுப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். பிரேக்கை மிதித்து வண்டி கிட்டத்தட்ட நின்றால்தான் ஆட்டம் அடங்கும். அதற்கும் ஷிம்மி என்றே பெயர் வைத்தார்கள்.

இன்று அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள் இதையே ‘டெத் வாபிள்’ என்கிறார்கள். டிரக்கை 4 அங்குலம், 6 அங்குலம் உயர்த்தி, பெரிய டயர் மாட்டிய சில வாரங்களில் இது பலருக்கு வந்துவிடுகிறது. எந்த பார்ட் கெட்டுப்போச்சு என்று தேடி ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். பணம் போகிறது, ஆட்டம் போவதில்லை. ஏன் என்று தெரிய 1920களுக்குப் போக வேண்டும்.

அதுவரை கார் டயர்கள் ஒல்லியானவை, கல் மாதிரி இறுக்கமானவை. 1923இல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் பலூன் டயரைக் கொண்டுவந்தது. அகலம் கூடுதல், காற்றழுத்தம் பழையதில் ஏறக்குறையப் பாதி. பயணம் மெத்தையில் போவது போல ஆனது. அதே சமயத்தில் இன்னொரு நல்ல விஷயமும் நடந்தது. பெரும்பாலான கார்களில் பின் சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் இருந்தது. 1924 மாடல் ப்யூக், காடிலாக் கார்களில் முன் சக்கரங்களுக்கும் பிரேக் வந்தது. ஒன்று சொகுசு, இன்னொன்று பாதுகாப்பு. இரண்டும் சேர்ந்தபோது முன் ஆக்ஸிலின் இரு முனைகளிலும் எடை கூடியது. அந்த எடை மென்மையான ரப்பரின் மேல் உட்கார்ந்தது. எப்போதாவது தலைகாட்டிக்கொண்டிருந்த ஷிம்மி ஊர் முழுக்கப் பரவியது.

இணைப்புகளை இறுக்கிப் பார்த்தார்கள், டயரில் காற்றைக் கூட்டிப் பார்த்தார்கள். இறுக்கினால் கொஞ்ச நாள் அடங்கும், தேய்ந்ததும் திரும்ப வரும். காற்றைக் கூட்டினால் பலூன் டயர் எதற்கு?

நோயின் வேரைத் தேடியவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் ப்ரூலியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர். 1925இல் அவர் ஷிம்மியைப் பற்றி எழுதிய ஆய்வு, ஒரு எளிய உண்மையைக் கண்டுகொண்டது: பக்கவாட்டில் விசை வரும்போது, டயர் பார்க்கும் திசையும் அது போகும் திசையும் ஒன்றல்ல. ரப்பர் நெளிந்துகொடுப்பதால் இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கோணம் விழுகிறது. ஒரு நடுக்கத்தைப் புரிந்துகொள்ளப் போய்க் கண்டெடுத்த இந்தக் கோணம்தான், கார் வளைவில் எப்படித் திரும்புகிறது என்ற மொத்த அறிவியலுக்கும் இன்றுவரை அடித்தளம்.

டயர் நெளிந்துகொடுப்பதால் அதன் எதிர்விசை ஒரு கணம் தாமதித்து வருகிறது. சக்கரம் இடது பக்கம் திரும்பியதும் டயர் அதை நேராக்கத் தள்ளுகிறது. தாமதமாகத் தள்ளுவதால் சக்கரம் நேரைத் தாண்டி வலது பக்கம் போய்விடுகிறது. மறுபடி அதே கதை. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தட்டிக்கொடுப்பது போல. தட்டுவது யார்? வண்டியின் வேகமேதான். சூப்பர்மார்க்கெட் டிராலியை வேகமாகத் தள்ளும்போது ஒரு சக்கரம் மட்டும் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடும் பாருங்க, அது இந்த நோயின் தம்பி.

காரில் இதற்கு மேலும் ஒரு சிக்கல். இரண்டு முன் சக்கரங்களையும் ஒரே இரும்பு ஆக்ஸில் இணைத்தது. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் இரண்டும் சேர்ந்து சாயும். சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி, இரு கையாலும் அச்சைப் பிடித்து, சுழலவிட்டுச் சாய்த்துப் பார்த்தால் தெரியும்: சாய்க்கிற திசையை விட்டுவிட்டு அது வேறு பக்கம் முறுக்கிக்கொண்டு திரும்பும். அதே போலத்தான் ஆக்ஸில் சாயும் ஒவ்வொரு முறையும் சக்கரங்கள் தாமாகத் திரும்பப் பார்த்தன.

இந்தக் கண்ணியை அறுத்ததில் மாரிஸ் ஆலிக்குப் பெரிய பங்கு உண்டு. ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்துவிட்டு 1930இல் காடிலாக்குக்கு வந்தவர். எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கக்கூடிய ஒரு சோதனைக் காரை ஓட்டி ஓட்டி, சொகுசான பயணத்துக்கு முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்று கண்டார். ஒரே ஆக்ஸிலை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் ஷிம்மி வந்து நிற்கும். ஆகவே ஆக்ஸிலையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுப்பதுதான் வழி. ஜெனரல் மோட்டார்ஸின் 1934 மாடல்களில் அது வந்தது. ஃபோர்டு கார்கள் 1948 மாடல்வரை பழைய ஆக்ஸிலோடுதான் ஓடின. அதன்பின் கார்களில் ஷிம்மி மெல்ல ஒரு பழங்கதை ஆனது.

டிரக்கில் ஆகவில்லை. பாரம் சுமக்கவும் மேடு பள்ளத்தில் அடி தாங்கவும் அந்த ஒற்றை ஆக்ஸில் கெட்டிக்காரன். 1988இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் நான்கு சக்கர இயக்க பிக்கப்புகளுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்தது. ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் நான்கு சக்கர இயக்க மாடல்கள், ராம் 2500, ஜீப் ரேங்ளர் ஆகியவற்றில் முன்பக்கம் இன்றும் அதே ஆக்ஸில்தான்.

அந்த டிரக்கை உயர்த்தி, அகலமான, கனமான டயரை மாட்டி, கரடுமுரடான பாதைக்காகக் காற்றையும் குறைத்தால் என்ன கிடைக்கும்? ஒற்றை ஆக்ஸில், அதன் முனைகளில் கூடுதல் எடை, மென்மையான பெரிய டயர். அச்சு அசல் 1924ஆம் வருடத்துக் கார். உரிமையாளர் வாங்கியது உயரத்தை. கூடவே வந்தது ஒரு நூற்றாண்டுப் பிரச்சினை.

உயர்த்தும்போது வேறு சிலவும் கெடுகின்றன. ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருப்பது டிராக் பார் என்ற கம்பி. ஒரு முனை சட்டத்தில், மறு முனை ஆக்ஸிலில். வண்டி உயர்ந்தால் அது செங்குத்தாகச் சாய்ந்து, ஆக்ஸிலை ஒரு பக்கம் இழுக்கிறது. ஸ்டியரிங்கிலிருந்து வரும் கம்பியும் இதுவும் ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளமும் வண்டியைத் திருப்பும். சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வுக்கு கேஸ்டர் என்று பெயர். உயர்த்தினால் அது குறையும், வண்டி ரோட்டில் அலையும். சரிசெய்கிறேன் என்று அளவுக்கு மேல் கூட்டினால் ஷிம்மிக்கு வசதி செய்துகொடுத்தது போலாகும்.

ஆகவே நோய் கண்டறிதல் கேள்வியில் தொடங்குகிறது: எப்போது ஆடுகிறது? 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் லேசாக நடுங்கி, அதைத் தாண்டினால் குறைகிறதா? சக்கரத்தின் பேலன்ஸையோ வளைந்த ரிம்மையோ பாருங்கள். பிரேக் பிடித்தால் மட்டுமா? பிரேக் டிஸ்க். ஒரு பள்ளத்தில் இறங்கியதும் வெறிபிடித்தது போல ஆடி, வண்டி நிற்கும்வரை ஓயவில்லையா? அதுதான் ப்ரூலியேவின் நோய்.

அடுத்தது கண்ணால் பார்ப்பது. வண்டியை ஜாக்கியில் தூக்கக் கூடாது. டயரின் மேல் பாரம் இருக்க வேண்டும். எஞ்சின் ஓட, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது ஆட்ட, இன்னொருவர் அடியில் பார்க்கிறார். டிராக் பாரின் இரு முனைகள், டை ராட் முனைகள், ஸ்டியரிங் பாக்ஸைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள்: எங்கே ‘ப்ளே’ இருக்கிறது? டிராக் பாரின் போல்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருப்பது அடிக்கடி அகப்படும் குற்றவாளி. பால் ஜாயின்ட், பேரிங் ஆகியவற்றை அதன்பின் சக்கரத்தைத் தூக்கிச் சோதிக்கலாம். ஒவ்வொரு இடத்திலும் துளித்துளியாக இருக்கும் தளர்வுகள் சேர்ந்தாலே போதும், ஆட்டத்துக்கு இடம் கிடைத்துவிடும். ஒரு பார்ட்டை மாற்றிப் பலன் இல்லாமல் போவது இதனால்தான்.

பலரும் முதலில் வாங்குவது புதிய ஸ்டியரிங் டேம்பர். கம்பெனியும் இதற்கு விலக்கல்ல. ரேங்ளரில் ஆட்டம் வருவதாகப் புகார்கள் குவிந்தபோது, 2019இல் அதன் தயாரிப்பாளர் இலவசமாக மாற்றித் தந்ததும் டேம்பரைத்தான். டேம்பர் பயனற்றதல்ல. தளர்வான வண்டியில் அதை மாட்டினால் ஆட்டம் அடங்கியது போலத் தெரியும். அடியில் துளை தேய்ந்துகொண்டே இருக்கும். அடுத்த முறை அது வருவது நெடுஞ்சாலையில், பக்கத்தில் லாரி போகும்போதாக இருக்கலாம். எனவே டேம்பரைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். மற்ற எல்லாம் இறுகிய பிறகு, கடைசியாக மாட்டுங்கள்.