பஃபலோ பில் காட்டிய அமெரிக்கா

கௌபாய் என்றதும் எங்கள் செட்டுக்கு ஞாபகம் வருவது மேட்னி ஷோ ஜெய்சங்கர். இப்போது படிக்கும் தம்பிகளுக்கு லயன் காமிக்ஸ் டெக்ஸ் வில்லராக இருக்கலாம். இறகுக் கிரீடம் வைத்த செவ்விந்தியர்கள் கூச்சல் போட்டபடி குதிரை வண்டியை வளைப்பார்கள், தொப்பிக்காரன் வந்து காப்பாற்றுவான். இந்தக் காட்சியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பரப்பியவர் யாரென்று தேடினால் சினிமா பிறப்பதற்கு முன்பே போக வேண்டியிருக்கிறது.

அவர்தான் 'பஃபலோ பில்' எனப்பட்ட வில்லியம் கோடி. ராணுவ வழிகாட்டி, காட்டெருமை வேட்டைக்காரர், கூடவே மேடை நடிகர். 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்னில் கஸ்டரின் படை அழிந்தது. மறுமாதம் ஒரு சின்ன மோதலில் கோடி ஒரு செயென் வீரரைக் கொன்றார். அப்போது அவர் போட்டிருந்தது என்ன தெரியுமா? கறுப்பு வெல்வெட்டில் தைத்த நாடக உடுப்பு! அந்த வருஷமே சண்டை நாடகமாகி மேடையேறிவிட்டது. மனிதர் போருக்குப் போனாரா, ஒத்திகைக்குப் போனாரா?

1883-ல் நெப்ராஸ்கா மாநிலத்து ஓமஹாவில் 'வைல்ட் வெஸ்ட்' காட்சியைத் தொடங்கினார். குதிரை நிஜம், காட்டெருமை நிஜம், செவ்விந்தியரும் நிஜம். கதைதான் தலைகீழ். நிலத்தைப் பறிகொடுத்தவன் அங்கே தாக்க வருகிறவன், பறித்தவன் தற்காத்துக்கொள்கிறவன். நிஜத்தில் மாடு ஓட்டியவர்களில் கறுப்பர்களும் மெக்சிகோக்காரர்களும் ஏராளம். ஆனால் ஹீரோ வெள்ளைக்காரன்தான். 1887-ல் லண்டனில் விக்டோரியா மகாராணியே வந்து பார்த்தார்.

லகோடா தலைவர் சிட்டிங் புல்கூட 1885-ல் நாலு மாதம் இதில் இருந்தார். வாரம் 50 டாலர் சம்பளம். 1890 டிசம்பர் 15-ஆம் தேதி, அவரைக் கைது செய்யப்போன செவ்விந்தியப் போலீசாரே அவரைச் சுட்டுக் கொன்றனர். இரண்டே வாரத்தில் வூண்டட் நீ படுகொலை. பெண்கள், குழந்தைகள் யாரையும் விடவில்லை.

அடுத்த வருஷம் நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. அந்தக் கலவரத்தில் பிடிபட்டு ஷெரிடன் கோட்டையில் இருந்த லகோடா கைதிகளில் இருபதுக்கும் மேற்பட்டவர்களை அரசு கோடியிடம் ஒப்படைத்தது. ஐரோப்பா போய், தாங்கள் தோற்ற கதையைத் தினமும் நடித்துக் காட்ட வேண்டும். பாவம் என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. சொந்த மண்ணில் அவர்கள் சடங்கு நடனத்துக்குத் தடை; அரங்கத்திலோ குதிரையேறலாம், ஆடலாம், கூலியும் உண்டு. ஜெயிலுக்கு இது எவ்வளவோ மேல் இல்லையா?

1913-ல் கோடி கேமராவோடு வந்தார். வூண்டட் நீ மண்ணிலேயே, லகோடாக்களையும் நிஜ ராணுவத்தாரையும் வைத்து அந்தச் சம்பவத்தைப் படமெடுத்தார். அந்தப் படத்தின் பெரும்பகுதி இன்று கிடைக்கவில்லை.