ஜாலான் அம்பாஸ் சிரிப்பு

ஜாலியான பாட்டுப் படம்னா கஷ்டத்தை மறக்கத்தான் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பி. ரம்லியை 1950-இல் ‘பக்தி’ படத்தில் கதாநாயகனாக்கியவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன். பின்னர் ரம்லியே இயக்கிய ‘செனிமான் பூஜாங் லாபோக்’ 1961-இல் வந்தது. நடிக்க வாய்ப்புத் தேடி மூன்று கட்டை பிரம்மச்சாரிகள் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டுடியோவுக்குள் நுழைகிறார்கள். ஒரே கூத்து. ஆனால் அவர்கள் ஒண்டுக்குடித்தனம் இருக்கிற வீடு தீக்கிரையாகிறது. அதே ஆண்டு மே 25-இல் புக்கிட் ஹோ சுவீ தீயில் சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். அந்தப் பயம் ஊருக்கே தெரிந்தது. 1967-இல் ஸ்டுடியோ மூடப்பட்டது. 1973-இல் ரம்லி 44 வயதில் மறைந்தார். படம் மட்டும் இன்னும் சிரிக்க வைக்குது. வாடகை கட்ட முடியாதவங்க பக்கத்துல உட்கார்ந்து சிரிச்ச படம் அது, அதான் பழசாகல.