காணொளி வன்பொருள் இணைப்பு விவரணை

கேமரா சென்சார், படச் செயலி, திரை ஆகியவற்றில் எது எதனோடு இணைந்திருக்கிறது என்பதை இயங்குதளத்துக்குத் தெரிவிக்கும் முறை இது. யுஎஸ்பி கேமரா செருகியதும் தன்னைத்தானே அறிவித்துக்கொள்ளும். சர்க்யூட் பலகையில் நேரடியாகப் பொருத்திய சென்சாருக்கு அந்த வசதி கிடையாது; யாராவது எழுதித் தந்தாக வேண்டும்.

வரலாறு: காணொளிக் கருவிகளுக்கான லினக்ஸின் வி4எல்2 இடைமுகம் 2002இல் கெர்னலின் 2.5 வரிசையில் சேர்ந்தது. டிவி கார்டுகளுக்கு அது போதுமானதாக இருந்தது. 2009இல் வந்த நோக்கியா என்900 கைபேசியின் ஓமேப் 3 சிப்பில், சென்சார் அனுப்பும் படம் பல கட்டங்களைக் கடக்கும். இடையிலேயே நினைவகத்துக்கும் திரும்பும். இந்தப் பாதைகளை விவரிக்க லோரான் பின்ஷார் உருவாக்கிய மீடியா கன்ட்ரோலர், 2011இல் 2.6.39 பதிப்பில் இடம்பெற்றது. உறுப்பு, அதன் முனை, இரு முனைகளுக்கு நடுவிலான இணைப்பு ஆகிய மூன்றே அதன் அடிப்படை.

இணைப்பு விவரம் அதுவரை பலகைக்குப் பலகை சி மொழியில் எழுதப்பட்டது. ஏஆர்எம் செயலிகளுக்கான கெர்னல், வன்பொருளை மர வடிவில் விவரிக்கும் டிவைஸ் ட்ரீக்கு மாறியபோது புதிய சிக்கல் எழுந்தது. சென்சாருக்குக் கட்டளை போவது ஐ2சி என்ற கட்டுப்பாட்டு இணைப்பு வழியே. படம் வருவதோ சிஎஸ்ஐ-2 என்ற கேமரா இணைப்பு வழியே. மர அமைப்பில் ஒரு கிளைக்கு ஒரே தாய்தான். ஆகவே இரண்டாவது இணைப்பைத் தனியே சுட்ட ‘போர்ட்’, ‘எண்ட்பாயிண்ட்’ என்ற குறிப்புகள் 2013இல் வி4எல்2வில் வந்தன. 2014இல் திரை டிரைவர்களுக்கும் பொதுவாயின. 2017இல், டிவைஸ் ட்ரீக்குப் பதிலாக ஏசிபிஐ அட்டவணைகளைப் பயன்படுத்தும் கணினிகளுக்கும் இதே முறை விரிந்தது.

செயல்பாடு: ராஸ்பெரி பை கேமராவின் ஐஎம்எக்ஸ்219 சென்சார், ஐ2சியில் 0x10 முகவரியில் பதிவாகிறது. அதன் எண்ட்பாயிண்ட் சிஎஸ்ஐ ஏற்பியைச் சுட்டும். ஏற்பியின் எண்ட்பாயிண்ட் சென்சாரைத் திரும்பச் சுட்டும். தரவுத் தடங்கள் இரண்டு என்பதும் அங்கேயே எழுதப்படும். ஒரு சுட்டு தவறினாலும், ஏற்பியின் டிரைவர் சென்சாருக்காகக் காத்தபடியே இருக்கும். கேமரா பயன்பாட்டுக்கு வராது.

முக்கியத்துவம்: சென்னையில் இயங்கும் இ-கான் சிஸ்டம்ஸ் போன்ற கேமரா நிறுவனங்களின் அன்றாட வேலையில் டிரைவர் எழுதுவதும் டிவைஸ் ட்ரீயைத் திருத்துவதும் அடங்கும். இணைப்பு விவரத்தை டிரைவரிலிருந்து பிரித்ததே இந்த முறையின் பெரும் சாதனை. ஒரு சென்சாருக்கு ஒருமுறை நன்றாக எழுதிய டிரைவர், எழுதியவர் கண்ணாலும் காணாத பலகைகளில் ஓடுகிறது. மாற வேண்டியவை டிவைஸ் ட்ரீயின் சில வரிகளே.