ஸ்பானிங் ட்ரீ: ஒரு மருத்துவமனையை முடக்கிய வலைச்சுழல்

மெஷ் வைஃபை பெட்டிகள் இரண்டை வாங்கி, இரண்டையும் கேபிள் மூலம் ஒரு மேனேஜ்டு சுவிட்சில் செருகுகிறார் ஒருவர். சில நொடிகளில் சுவிட்சின் விளக்குகள் எல்லாம் வெறி பிடித்தாற்போல் மினுக்குகின்றன. எந்தக் கணினிக்கும் இணையம் வருவதில்லை. ஒரு கேபிளைப் பிடுங்கினால் எல்லாம் சரியாகிவிடுகிறது. பலரும் பெட்டியில்தான் கோளாறு என்று நினைப்பார்கள். உண்மையில் இது ஈதர்நெட்டின் மிகப் பழைய நோய்.

ஈதர்நெட் 1973-ல் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பிறந்தது. ஒரே கேபிளில் எல்லாக் கணினிகளும் தொங்கிய காலம் அது. அதனால் ஈதர்நெட் செய்திக்கு ஆயுட்காலம் என்று எதுவும் வைக்கவில்லை. ஐ.பி. பாக்கெட்டில் ஓர் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும், பூஜ்யமானால் பாக்கெட் செத்துவிடும். ஈதர்நெட்டில் அப்படி இல்லை. இரண்டு சுவிட்ச்களுக்கு இடையே இரண்டு பாதைகள் இருந்தால், எல்லோருக்கும் என்று அனுப்பிய ஒரு செய்தி முடிவில்லாமல் சுற்றும், சுற்றும்போதே பெருகும். மெஷ் பெட்டிகளிலும் இதுதான் நடக்கிறது. கேபிள் ஒரு பாதை, வானொலி அலை இன்னொரு பாதை. இரண்டும் சேர்ந்தால் வட்டம்.

அதற்காக ஒரே பாதையோடு நிறுத்தவும் முடியாது. அந்த ஒரு கேபிள் அறுந்தால் எல்லாம் போச்சு. மாற்றுப் பாதை வேண்டும், ஆனால் வட்டம் கூடாது. இந்த முடிச்சை அவிழ்த்தவர் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன். மேலாளர் ஒரு வெள்ளிக்கிழமை இதைக் கேட்டுவிட்டு விடுமுறைக்குப் போனதாகவும், அன்றிரவே தீர்வு தோன்றியதாகவும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவரது ஆய்வுக் கட்டுரை 1985-ல் வந்தது. 1990-ல் அது 802.1டி என்ற தரநிலை ஆனது.

அவர் கண்ட வழி எளியது. சுவிட்ச்கள் தமக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும். முன்னுரிமை எண் மிகக் குறைவாக உள்ளதே தலைவர், அதுதான் வேர். மற்ற ஒவ்வொன்றும் வேருக்குப் போகும் மலிவான பாதையை மட்டும் வைத்துக்கொண்டு, வட்டம் உண்டாக்கும் போர்ட்டுகளை அடைத்துவிடும். வேரிலிருந்து 2 நொடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்ற செய்தி வரும். 20 நொடி அது வராவிட்டால் பாதை அறுந்தது என்று கருதி, அடைத்த போர்ட்டை மேலும் 30 நொடியில் திறக்கும்.

இந்த அழகான ஏற்பாட்டில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருந்தது. கேபிள் அறுந்ததால் செய்தி வரவில்லையா, நெரிசலில் தொலைந்ததால் வரவில்லையா என்று சுவிட்சுக்குத் தெரியாது. நெரிசலில் தொலைந்தாலும் போர்ட் திறக்கும், வட்டம் உருவாகும், நெரிசல் இன்னும் கூடும்.

2002 நவம்பர் 13 அன்று பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் இதுவே நடந்தது. இரண்டு மருத்துவமனைகள் 1996-ல் இணைந்து உருவானது அது. வலையமைப்போ தேவை வந்தபோதெல்லாம் ஒட்டுப் போட்டு வளர்க்கப்பட்டது. வழக்கமான நேர அளவுகளின்படி ஸ்பானிங் ட்ரீ 7 சுவிட்ச் தூரம்வரை நம்பகமானது. அங்கே சில பகுதிகள் அதையும் தாண்டிப் போயிருந்தன. ஓர் ஆய்வாளரின் மென்பொருள் பெருமளவு தரவை அனுப்பத் தொடங்கியதும் மரம் குலைந்தது. ஒரு வட்டத்தை அடைத்தால் இன்னொன்று முளைத்தது.

சுமார் நான்கு நாட்கள் மருத்துவமனை காகிதத்துக்குத் திரும்பியது. பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். இளம் மருத்துவர்கள் பலருக்குக் காகிதத்தில் மருந்து எழுதிப் பழக்கமே இல்லை. மூத்தவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அவசரப் பிரிவு சில மணி நேரம் புதிய நோயாளிகளை வேறிடம் அனுப்பியது. சிஸ்கோ நிறுவனப் பொறியாளர்கள் புதிய கருவிகளோடு பறந்து வந்து, வலையமைப்பின் மையத்தை மாற்றி அமைத்த பிறகே நிலைமை சீரானது. தகவல் தொழில்நுட்பத் தலைவர் ஜான் ஹலம்கா நடந்ததை மறைக்கவில்லை; மற்ற மருத்துவமனைகளும் பாடம் கற்கட்டும் என்று வெளிப்படையாகப் பேசினார்.

இதற்கிடையே 2001-ல் வேகமான ராப்பிட் ஸ்பானிங் ட்ரீ வந்திருந்தது. 2004-ல் அது பழைய முறையின் இடத்தைப் பிடித்தது. ஆனால் இன்னொரு குழப்பமும் கூடவே வந்தது. பழைய கணக்கில் 1 கிகாபிட் பாதையின் விலை 4. புதிய கணக்கில் 20,000. சுவிட்ச் புதிய கணக்கிலும், மெஷ் பெட்டி பழைய கணக்கிலும் பேசினால், வானொலிப் பாதை மலிவாகத் தெரிந்து நல்ல கேபிளே அடைபடலாம். வேறு சில சுவிட்ச்கள் ஸ்பானிங் ட்ரீ செய்திகளைக் கடத்தாமல் விழுங்கிவிடும். அப்போது வட்டம் இருப்பதே மெஷ் பெட்டிக்குத் தெரியாது.

ஆகவே வீட்டில் விளக்குகள் வெறி பிடித்தால் செய்ய வேண்டியவை சிலவே. முதலில் ஒரு கேபிளைப் பிடுங்கி வட்டத்தை உடைக்க வேண்டும். பிறகு சுவிட்சின் நிர்வாகப் பக்கத்தில் வேர் எது, அடைபட்ட போர்ட் எது, எந்த விலைக் கணக்கு என்று பார்க்க வேண்டும். வேர் தானாக அமைய விடாமல், நடுவிலுள்ள சுவிட்சுக்குக் குறைந்த முன்னுரிமை எண் கொடுத்து அதையே வேராக்குவது நல்லது.

பாஸ்டனில் மரத்தில் பிழை இல்லை. அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று எண்ணிப் பார்க்காமல் கிளைகளைச் சேர்த்துக்கொண்டே போனதுதான் பிழை.