கிண்டியிலிருந்து ஒரு சின்ன வானொலி

ராசிபுரம் பக்கம் எங்கள் ஊரில் 1960களில் ஒரு பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. பெட்டி ஆபீசுக்குள் பூட்டியிருக்கும். குழாய் ஸ்பீக்கர் வெளியே வேப்பமரத்தில் கட்டியிருக்கும். சாயங்காலமானால் திருச்சி நிலையத்தைத் திருப்பிவிடுவார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே என் அம்மா விவசாய நிகழ்ச்சியைக் கேட்பார். முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்வார்: "எல்லாஞ் சரிதான். ஆனா நம்மள ஒண்ணு கேக்கறாங்களா பாரு!"

அம்மா ரேடியோவைக் குறைத்துப் பேசவில்லை. அதன் பலம் அவருக்குத் தெரியும். அதே காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாவில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் வானொலி மூலமாகவே பரவி, ஜனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். ஆனால் பேச்செல்லாம் ஒரே பக்கத்திலிருந்துதான் வந்தது. அங்கிருந்து சொல்வார்கள், நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தப் பேச்சு இரண்டு பக்கமும் ஓடத் தொடங்கிய கதையைத்தான் இன்று எழுத வந்தேன்.

சென்னைக்கு வானொலியைக் கொண்டுவந்தது சர்க்கார் அல்ல. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சேர்ந்து ஆரம்பித்த ரேடியோ கிளப்தான். 40 வாட் டிரான்ஸ்மிட்டரை வைத்து நடத்தினார்கள். பணமுடையால் 1927-ல் நின்றுபோயிற்று. கருவியை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். 1930 முதல் மாநகராட்சி ஒலிபரப்பியது. 1938-ல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது. அதன்பின் அறுபது வருஷத்துக்கு மேல், வேறு யாரும் வானொலி நிலையம் நடத்த வழியில்லாமல் இருந்தது.

அந்தக் கதவை அசைத்தது ஒரு கிரிக்கெட் வழக்கு என்றால் நம்புவீர்களா? ஆட்டங்களை யார் ஒளிபரப்புவது என்று வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய சர்க்காருக்கும் தகராறு. 1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: வான் அலைகள் பொதுச் சொத்து. ஆனாலும் 2002 டிசம்பரில்தான் கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்தலாம் என்று மத்திய மந்திரிசபை முடிவெடுத்தது.

அப்படிக் கிடைத்த வாய்ப்பில் முதலில் எழுந்து நின்றது நம் தமிழ்நாடு. 2004 பிப்ரவரி 1-ஆம் தேதி, கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4 அலைவரிசையில் 'அண்ணா எப்.எம்.' தொடங்கியது. அப்போதைய துணைப் பிரதமர் அத்வானி தொடங்கி வைத்தார். இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுதான். அங்கிருந்த கல்விப் பல்லூடக மையத்தின் இயக்குநர் டாக்டர் ஆர். ஸ்ரீதர் அதற்கு முன்னின்று உழைத்தவர்.

2005-ல் மகள் வீட்டுக்குச் சைதாப்பேட்டை போயிருந்தேன். பாட்டுக்காக டிரான்சிஸ்டரைத் திருகிக்கொண்டிருந்தபோது அந்த நிலையம் அகப்பட்டது. ஒரு பெண்மணி கீரை, முருங்கை, குழந்தைக்குச் சோறூட்டுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். டாக்டர் பேச்சு இல்லை. பக்கத்துத் தெருக்காரர் பேச்சு. நடுவில் தடுமாறினார், சிரித்தார், மறுபடி தொடர்ந்தார். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் பெண்களுக்கான அறிவியல் நிகழ்ச்சிகளை அந்த நிலையம் நடத்தியது. சுற்றுவட்டாரத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துப் பேசவும் தயாரிக்கவும் வைத்தார்கள். மாணவர்கள் மைக்கைத் தூக்கிக்கொண்டு குடியிருப்புகளுக்குப் போனார்கள். சுகாதாரம், சுற்றுச்சூழல், படிப்பு, வேலைவாய்ப்பு என்று நிகழ்ச்சிகள் போயின.

ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸிலும் காதில் வைத்துக்கொண்டு வந்தேன். பல்லாவரம் தாண்டியதும் கரகரப்பு. தாம்பரத்தில் ஒன்றுமே இல்லை.

அது சட்டம் போட்ட எல்லை. சமுதாய வானொலிக்குப் பொதுவாக 100 வாட் சக்திக்கு மேல் கிடையாது. கம்பம் 30 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. பத்துக் கிலோமீட்டர் போனால் பெரிது. சொந்தமாகச் செய்தி சேகரித்து வாசிக்கவும் அனுமதியில்லை. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் பல்கலைக்கழகங்களுக்கும் உரிமம் தரலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அந்த விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்த வட்டாரத்து மக்கள் பங்கெடுத்து உருவானதாக இருக்க வேண்டும். அதைப் படித்தபோது அம்மா சொன்னதுதான் ஞாபகம் வந்தது. நாற்பது வருஷம் கழித்து அவர் கேள்விக்குச் சர்க்கார் பதில் எழுதியிருக்கிறது!

ஆனால் அதைக் கேட்க அவர் இல்லை. மழை வரும் குறி, மாட்டு வைத்தியம், மரவள்ளிக் கிழங்கின் கசப்பை எடுக்கும் பக்குவம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. யாரும் அவர் முன்னால் மைக் வைக்கவில்லை. நானும் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கி வைத்திருந்தேன். அதில் சினிமாப் பாட்டுத்தான் பதிந்தேன். அவர் குரல் இப்போது என் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.

சேலம், நாமக்கல் பக்கம் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்த்தவர், லாரிக்குப் பாடி கட்டியவர், கோழிப்பண்ணையில் காலம் கழித்தவர் எல்லோரும் நம்மைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். உங்கள் பேரப்பிள்ளை படிக்கும் கல்லூரியில் மைக் இருந்தால், ஒருநாள் அதை வீட்டுத் திண்ணைக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். கல்லூரியில் இல்லாவிட்டாலும் கையில் செல்போன் இருக்கிறது.

பத்துக் கிலோமீட்டருக்குக் கேட்டால் போதும். நம்மைக் கேட்டு வைக்க வேண்டும், அதுதான் முக்கியம்.